மாப்பிள்ளை கேட்டு மறுபடியும் வந்தார்கள்

போன வருடம் வைகாசி மாதம் நடந்தது இது. மனைவியின் ஆண்டுத் திவசம் அப்போதுதான் முடிந்திருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். பிறந்த ஊர் கல்குடா. எங்கள் பகுதி வழக்கப்படி, கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நானும் அப்படிப் போனவன்தான். இருக்கும் வீடு மனைவியின் சீதனம். அடுத்தடுத்த வளவுகளில் அவளுடைய மூன்று தங்கைமார். அந்தச் சிறு தெரு, எங்கள் ஒழுங்கை முழுக்க அவள் சொந்தக்காரர்.

மச்சாள்மார் மூவரும் முறை வைத்துச் சோறு கொண்டு வருவார்கள். வந்தவுடன் அக்காவை நினைத்து அழுவார்கள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த ஊரில் நான் 'அக்காட புருசன்'. அக்காவே போன பிறகு எனக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம் மனதைப் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை, நித்திரை இல்லை. விடிந்தால், ஏன்தான் விடிந்ததோ என்றிருக்கும். சுற்றிவர அத்தனை பேர் இருந்தும் அப்படி ஒரு தனிமை. மச்சாள்மார் வேலியோரம் மெதுவாகப் பேசினால்கூட, என்னை எப்போது அனுப்புவது என்றுதான் பேசுகிறார்கள் என நினைத்தேன். மூளை அப்படிக் கோணலாக வேலை செய்தது.

ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் ஊரில் ஒருவன் தும்மினாலும் ஒழுங்கைக்கே தெரிந்துவிடும். பஸ் ஏறுவதற்குள் எத்தனை பேர் விசாரித்தார்கள்! டவுனுக்கு என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன். கல்குடாவில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய், போனையும் நிறுத்திவிட்டேன். அக்கா சந்தோஷப்பட்டார். ஆனால் அங்கும் மனம் ஒட்டவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு வான் வந்து நின்றது. மச்சாள்மார் மூவரும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி கையில் வெற்றிலைத் தட்டம், ஒருத்தி கையில் பலகாரப் பெட்டி, கடைசி மச்சாள் இடுப்பில் வாழைக்குலை. என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"மச்சாள், உங்கட தம்பியக் கேட்டு வந்திருக்கம்" என்றாள் மூத்தவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் தட்டத்தோடு மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். நாற்பது வருடத்துக்கு முன் என்னைக் கேட்டு இதே வீட்டுக்கு அவர்களுடைய அம்மா அப்படித்தான் வந்தார்.

அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. "இனி இவன வச்சு என்ன செய்யப் போறீங்க? கிழவனாப் போயிட்டான்."

"நாங்க மட்டும் குமருகளா மச்சாள்?" என்றாள் கடைசி மச்சாள்.

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அப்போதுதான் மூத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு அக்காவுக்காகக் கேட்டம். இண்டைக்கு எங்களுக்காகக் கேக்கிறம் அத்தான். அக்கா போயிட்டா. நீங்களும் போனா எங்களுக்கு ரெண்டு இழவு."

மனைவியின் செத்தவீட்டில்கூட அழாதவன், அன்று வாய்விட்டு அழுதேன். அக்கா தட்டத்தை வாங்கிக்கொண்டார். வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம்.

அதே வானில் திரும்பினேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மனம் இருண்டு போகும் நாட்கள் இப்போதும் உண்டு. அன்றைக்குச் சோறு கொண்டு வருபவளிடம் அதைச் சொல்லிவிடுவேன், அவளும் கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டுப் போவாள். எனக்கு ஆறுதல் சொல்ல ஊரே வந்தது. ஆனால் நீ எங்களுக்கு வேண்டும் என்று தட்டத்தோடு கேட்டு வந்த அந்த மூவரால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன்.