அக்கா கொடுத்த ஜாமீன்

நெய்வேலியில் நைட்டிக்காரிக்குத் தெரியாத வீடு கிடையாது என்று முதன்முதலில் சொன்னது ஒரு பெண் வக்கீல்தான். கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கேட்டருகே நின்று, ஒரு நைட்டியின் தையலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பேச்சே பின்னால் எனக்கு இன்னொரு பிழைப்பாகும் என்று அன்று யார் கண்டது?

என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் வீட்டில் அடுப்பும் யோசித்து யோசித்துத்தான் எரியும். அதனால் நான் மொபெட்டின் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு பிளாக் பிளாக்காகப் புடவை, நைட்டி விற்றேன். குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்தவர்கள். ரிட்டையர் ஆனால் தவணைப் பாக்கியோடு காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களைத் தேட நான் விலாசம் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் பேச்சுக் கொடுத்தால் போதும். "அவங்களா? பையன் கூடப் போயிட்டாங்க. எங்க போனா என்ன, அம்மன் கொடைக்கு ஊருக்கு வந்துதானே ஆவணும், அப்ப போய்ப் புடிங்க" என்பார்கள். ஒரு மனுஷர் எங்கே இருக்கிறார் என்று தேடினால் கிடைக்கமாட்டார். எந்த நாளில் எங்கே வராமல் இருக்கமாட்டார் என்று கேட்டால் கிடைத்துவிடுவார். எனக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அந்த வக்கீலம்மா கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காடாம்புலியூர்ப் பக்கம். முந்திரி உடைத்து உடைத்து விரல்களெல்லாம் கருத்துத் தோல் உரிந்திருந்தன.

"இவங்க தம்பி மைன்ஸ்ல காண்ட்ராக்ட் லேபர்," என்றார் வக்கீலம்மா. "காப்பர் கேபிள் திருடினதா கேஸ். ஜாமீன்ல வெளிய வந்தான். வீட்டு வரி ரசீதைக் காட்டி, இவங்கதான் ஜாமீன் கையெழுத்துப் போட்டாங்க. இப்ப ஆள் வாய்தாவுக்கு வர்றதில்ல. வாரண்ட் போட்டாச்சு. அடுத்த வாய்தாவுக்குள்ள அவனைக் கொண்டாந்து நிறுத்தலேன்னா ஜாமீன் தொகையை இவங்க கட்டணும். கட்ட முடியலேன்னா இவங்க உள்ள போகணும்."

"கட்டறதுக்கு எங்கிட்ட என்னா இருக்குது?" என்றாள் அந்தப் பெண். "வூடுன்னு ஒண்ணு. அதுவும் மேல தார்ப்பாயைப் போட்டுகினு கெடக்குது. பொண்ணு பன்னெண்டாவது படிக்கிது. அதுக்கு அப்பன் இல்ல. நானும் உள்ள போய்ட்டா அத யாருங்க பாத்துக்குவா?"

தம்பி எங்கே என்று கேட்டேன்.

"திருப்பூருன்றான் ஒருத்தன், கேரளான்றான் ஒருத்தன். வாய் இருக்கறவன்லாம் ஆளுக்கொரு ஊரு சொல்றான். போன் நம்பரையும் மாத்திட்டான்."

அவனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் வந்தது. அவன் ஜெயிலில் இருந்தபோது அவர்களுடைய அம்மா இறந்துவிட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் அவனுக்குச் செய்தியே போயிருக்கிறது. ஜாமீனில் வந்தவனைத் தெருவில் ஒருத்தன் மறித்து, "நீ கேபிள மட்டுமா அறுத்த? உங்கம்மா மூச்சையும் சேத்துதான்டா அறுத்துட்ட" என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்குப் போனவன்தான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. சோத்தப் போட்டு வெச்சேன், பேசல. பேசியிருக்கலாம்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "அம்மா கல்லறைக்குக்கூட அவன் போவலீங்க."

அவர்கள் கிறிஸ்தவர்கள். நவம்பர் பிறந்தால் கல்லறைத் திருநாள். "அன்னைக்கு வருவான்மா" என்றேன்.

"மாட்டான். அவனுக்கு மூஞ்சி இல்ல."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "ஏம்மா, போலீஸ் ஊர் ஊரா தேடுது. நீ கல்லறையில போய் உக்காரப் போறியா?"

"செத்தவங்க தொரத்தவா போறாங்க மேடம்? உக்காந்து பாக்கறேன்."

கல்லறைத் திருநாள் காலையில் தூறிக்கொண்டிருந்தது. நான் அதற்கு முன் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் போனதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. இங்கே குடும்பம் குடும்பமாக வந்து புல் பிடுங்குகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், செவ்வந்திப் பூவை வாரிக் கொட்டுகிறார்கள். குழந்தைகள் மெழுகுவத்தி அணையாமல் கையால் பொத்திக்கொண்டு நிற்கின்றன. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார்.

வாசலில் மெழுகுவத்தி விற்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு உள்ள யாருமா?"

"யாரும் இல்லீங்க."

"யாரும் இல்லாமயா மழையில வந்து குந்திகினு கீற? குடுத்து வெச்சவதான் போ" என்று தான் உட்கார்ந்திருந்த சாக்கில் பாதியை எனக்கு விட்டுக் கொடுத்தார்.

அந்தப் பெண் விடியற்காலையிலேயே வந்து அம்மா கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து முகம் தெரியாதபடி குடையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய அம்மாவுக்கு இன்னும் சிலுவை நடவில்லை. வருஷ நினைவுக்கு நடலாம் என்று இருந்தார்கள். வெறும் மண்மேடுதான். அந்த ஓரத்தில் அதே மாதிரி புது மேடுகள் இன்னும் சில இருந்தன. எது யாருடையது என்று அடக்கத்துக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கூட்டம் கலைந்து வெகுநேரம் கழித்து அவன் வந்தான். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருந்தான். கையில் ஒரு மெழுகுவத்திப் பாக்கெட். அவள் எழப்போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் நேராக எங்கும் போகவில்லை. ஒவ்வொரு மேடாக நின்று பார்த்தான். பூப் போட்ட மேடுகளைத் தாண்டிக்கொண்டே போனான். பூ நிறைந்து கிடந்த அவன் அம்மாவின் மேட்டையும் தாண்டினான். கடைசியில், ஒருவரும் ஒரு பூக்கூடப் போடாமல், மழையில் ஒருபக்கம் கரைந்து கிடந்த ஒரு மேட்டருகில் போய் மண்டியிட்டான். கையாலேயே மண்ணை அணைத்துக் கொடுத்தான். மெழுகுவத்திகளை வரிசையாக நட்டுப் பற்றவைத்தான்.

அதற்குமேல் என்னால் அவளைப் பிடித்து வைக்க முடியவில்லை. குடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"டேய், அது யாரோடா. அம்மா அங்க இருக்குதுடா."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஓடவில்லை. "பூவே இல்லாம கெடந்துச்சு," என்றான். "அதான் இதுதான் அம்மான்னு நெனச்சேன்."

"ஏன்டா, நான் பூ வெக்கமாட்டனா?"

"எம் பேர்ல இருக்கற கோவத்துல யாரும் அதுக்குச் செய்யமாட்டீங்கன்னு..."

அவள் அவன் முதுகில் அடித்தாள். அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். இதைப் பார்ப்பதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று பட்டது. ஆனால் அவனை அங்கே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவள் நான்தானே.

கொஞ்சம் அடங்கிய பிறகு யார் நான், எதற்கு வந்தேன் என்பதைச் சொன்னேன். அவன் முதலில் கேட்டது இதைத்தான். "வந்தா உள்ள போட்டுடுவாங்களா யக்கா?"

"போட்டாலும் போடுவாங்க தம்பி. வக்கீலம்மா பேசிப் பாக்கறேன்னாங்க. உறுதி யாராலயும் சொல்ல முடியாது. நீ வரலேன்னா உங்கக்கா போகணும். அது மட்டும் உறுதி."

"இதுக்கு அது தெரியுமா?" என்று அக்காவைக் காட்டிக் கேட்டான்.

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டுச்சு."

அவன் தலையாட்டினான். பற்றவைத்த மெழுகுவத்திகளைப் பிடுங்கி எடுக்கவில்லை. "எரியட்டும். அதுக்கும் யாரோ வரல" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் வேறொரு பாக்கெட் வாங்கி வந்தான். அம்மா மேட்டருகில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் கோர்ட்டில் மாஜிஸ்திரேட், ஏன் வரவில்லை என்று அவனைக் கேட்டார். வக்கீலம்மா அவனுக்காகச் சொன்னார். அம்மா இறந்ததையும், அடக்கத்தில் அவன் இல்லாததையும் நன்றாகவே சொன்னார். மாஜிஸ்திரேட்டும் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, ஜாமீனை ரத்து செய்து அவனைக் காவலில் வைக்கச் சொன்னார். ஆள் வந்துவிட்டதால் அந்தப் பெண்ணை ஜாமீன் பொறுப்பிலிருந்து விடுவித்தார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வண்டிக்காகப் போலீஸ்காரர் அவனை மரத்தடியில் நிறுத்தியிருந்தார். அவள் இட்லி வாங்கி வந்து பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவன் மென்றுகொண்டே சொன்னான்: "யக்கா, சிலுவைய நட்டுடு. பேர எழுதிடு. நான் வர எவ்ளோ நாளாவுமோ."

வக்கீலம்மாவுக்கு என்மேல் சந்தோஷம். "போலீசால முடியாதத நீ முடிச்சிட்டியே! இன்னும் ரெண்டு மூணு ஜாமீன்தாருங்க அழுதுகிட்டு இருக்காங்க, அடுத்த வாரம் வா" என்றார். சரி என்றேன். அழுகிறவர்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஜாமீனில் போய் மறைந்தவர்களைத் தேடிப் பிடிக்கிற இந்த வேலைக்குள் நான் வந்தது அந்த ஒரு 'சரி'யில்தான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளோடு நடந்து போனேன். பண்ருட்டி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினாள்.

"நீங்க எங்கிட்டயும் பொய் சொல்லல, அவன்ட்டயும் சொல்லல. நல்லவங்கதான் நீங்க. ஆனா எங்க ஊரு பக்கம் வியாபாரத்துக்கு வந்துடாதீங்க யக்கா. ஒங்களப் பாத்தா, அவன் அம்மாவ தேடிகினு வந்த எடத்துல நானே புடிச்சிக் குடுத்தது ஞாபகம் வரும்."

"நீ புடிச்சிக் குடுக்கலம்மா. நான்தான்."

"குந்திகினு இருந்தது ரெண்டு பேருந்தானே" என்றாள்.

பஸ் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு மகள் வீட்டுக்கு வரும் நேரத்தில் தான் அங்கே இருக்க வேண்டும் என்று கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் பக்கம் திரும்பவில்லை.