டொரத்தியின் முதல் ‘வேண்டாம்’

டொரத்தி எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்ள மாட்டார். செந்தூல் ரயில்வே குடியிருப்பில் அவருடைய அம்மா அப்படித்தான் வளர்த்தார். போன வீட்டில் தேநீர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வற்புறுத்திய பிறகு வாங்கிக் குடிக்க வேண்டும். கணவர் கொர்னேலியஸ் அன்று கல்யாணம் பேச வந்தபோதும் டொரத்தி முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். நல்ல வேளை, மனிதர் இன்னொரு தடவை கேட்டார். அப்படித்தான் டொரத்தி எங்கள் ஊரான மேருவுக்குக் குடிவந்தார்.

இந்தப் பழக்கம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. எங்கள் கட்சியே இதில்தான் ஓடுகிறது. தொகுதித் தலைவர் நாகையா ஒவ்வொரு தேர்தலிலும் “எனக்குப் பதவி வேண்டாம்” என்று மூன்று முறை சொல்வார். நான்காவது முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுவார். இதுவரை ஒருவர்கூட அவர் சொன்னதை நம்பித் தொலைத்ததில்லை.

டொரத்திக்குப் பகலில் கிளினிக்கில் வேலை, மற்ற நேரமெல்லாம் கட்சி வேலை. கிளைச் செயலாளர் என்று பெயர். அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளைப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போவார். வெள்ளம் வந்தால் மண்டபத்தில் சமைப்பார். தேர்தல் வந்தால் யாரோ ஒருவருக்காக வீடு வீடாக ஏறி இறங்குவார். ஒரு தடவையாவது தன் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதைத் தோழி மாதவியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். ஆகவே மேரு முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்த முறை சட்டமன்ற வேட்பாளரை மேலிடம் திணிக்காது, உறுப்பினர்களே கை தூக்கித் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தார்கள். நியாயம் அவ்வளவு பெரியதாக இருந்ததால் மேருவில் அதற்கு இடம் போதவில்லை போலும். கூட்டத்தைத் தூரத்து பிரிக்பீல்ட்ஸில் வைத்தார்கள். நாங்கள் பார்க்கிங் தேடித் தெருத் தெருவாகச் சுற்றி ஒருவழியாக மண்டபத்தை நிரப்பினோம். கை தூக்கச் சொன்னால் டொரத்திதான் ஜெயிப்பார். அது நாகையாவுக்கும் தெரியும்.

மாதவி எழுந்து டொரத்தியின் பெயரை முன்மொழிந்தார். மண்டபம் கைதட்டியது.

டொரத்தி முகம் சிவக்க எழுந்தார். “ஐயோ, எனக்கு எதுக்கு? வேண்டாம், வேற யாராச்சும் நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வற்புறுத்தலுக்காகக் காத்து நின்றார்.

“டொரத்தியோட பெருந்தன்மையை இந்தச் சபை ஏத்துக்குது” என்றார் நாகையா. “அடுத்த பெயர்?”

மாதவி மறுபடி எழுந்தார். “தலைவரே, அது சும்மா மரியாதைக்குச் சொன்னது லா.”

“ஒரு பெண் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான்மா. வற்புறுத்தினா அது ஜனநாயகமா?”

பெண்ணுரிமையில் நாகையாவுக்கு அக்கறை பிறந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருந்த கிஷன் என்ற வழக்கறிஞரின் பெயரை யாரோ சொன்னார்கள். அவர் “தேங்க் யூ” என்று உடனே சொன்னார். போட்டி இல்லாததால் கை தூக்கும் சிரமம்கூட எங்களுக்கு வைக்கவில்லை. ஒரு தடவை மறுத்துவிட்டு, நானே நிற்கிறேன் என்று கத்த டொரத்திக்கு வாய் வரவில்லை. தியாகத்தைப் பாராட்டி அவருக்குப் பொன்னாடை கொண்டுவந்தார்கள். “வேண்டாம், வேண்டாம்” என்று விலகினார். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை, இழுத்துப் பிடித்துப் போர்த்தினார்கள். காரில் திரும்பும்போது அந்தப் பொன்னாடையிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த வாரம் நாகையாவும் கிஷனும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். டொரத்தி தேநீரை நீட்டியதும் கிஷன் மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

“ஆன்டி, மேரு சைட் நீங்கதான் பார்த்துக்கணும். எனக்கு இங்க ரோடே தெரியாது.”

“என்னால முடியாதுப்பா.”

நாகையா சிரித்தார். “அது எப்பவும் முதல்ல அப்படித்தான் சொல்லும். நீ கவலைப்படாத.”

கிஷனின் சிரித்த முகம் அச்சடித்த சுவரொட்டிகளைக் கட்டுக்கட்டாக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். டொரத்தி அவற்றைத் தொடவில்லை. அன்று மாலை நாகையா தொலைபேசியில் அழைத்தார்.

“நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு பாசார்ல பிரசாரம். நீ வந்தாதான்மா சனங்க நின்னு பேசும்.”

“நான் வரல அண்ணே. மரியாதைக்குச் சொல்லல, நெஜமாவே சொல்றேன். வேண்டாம்.”

இந்தத் தடவையாவது நாகையாவின் காதில் விழுந்திருக்குமா என்று டொரத்தி பக்கத்திலிருந்த கொர்னேலியஸைப் பார்த்தார்.

“சரிம்மா” என்றார் நாகையா. “அப்ப எட்டு மணிக்கு வா.”