மேஜை புரண்டு படுக்காது

கோட்டக்கா என்று சொன்னால்தான் அந்த ஆபீசில் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. காலை ஒன்பதரைக்குத் திரை முன்னால் உட்கார்ந்தால் மாலை ஐந்தரை வரை கோடு பார்ப்பதுதான் வேலை. பார்ப்பவளுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

நெஞ்சுவலி வந்து பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்கிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற ஆராய்ச்சி அது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைத் தொடையில் ஒட்டிப் பத்து நாள் விட்டுவிடுவார்கள். உட்கார்ந்தாலும் படுத்தாலும் கோடு கீழே கிடக்கும், எழுந்து நின்றால் மேலே ஏறும், நடந்தால் அடிக்கு ஒன்றாக ரம்பப் பல் மாதிரி வரும். கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுப்பதை மனிதக் கண் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அந்தக் கண் இவளுடையது. உட்கார்ந்தே கிடப்பது ஆகாது என்று நிரூபிக்க எட்டு மணி நேரம் உட்கார்ந்தே கிடக்கிறோமே என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பதினோரு வருஷ அனுபவம். கோட்டைத் தூரத்தில் வைத்து ஒரு பார்வை பார்த்தாலே போதும், ஆளின் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இருபத்தாறு வருஷம் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டவர், தானும் கூட ஓடியவர். நான்கு மாதத்துக்கு முன்னால் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிழைத்ததே மறுபிறவி. ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "தினம் நாற்பது நிமிஷம் நடங்க. உட்கார்ந்தே இருந்தீங்கன்னா அடுத்த தடவை காப்பாத்திடுவேன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது." அதே ஆஸ்பத்திரியில் அவர் தொடையிலும் ஒரு கருவியை ஒட்டினார்கள். யாருக்கு எந்த எண் என்பது கோடு பார்க்கிறவளுக்குத் தெரியக்கூடாது. அது விதி.

விதி கிடக்கட்டும், அவளுக்கா தெரியாது? பதினேழாம் எண் சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்குக் கிளம்பி நாற்பது நிமிஷம் பிசகாமல் நடந்தது. அவரும் ஐந்து மணிக்குத்தான் பூங்காவுக்குப் போகிறார். அவள் வீடு திரும்பியதும் ஒன்றுவிடாமல் சொல்வார். இன்றைக்கு நாலு சுற்று, பின்பக்கமாகவே நடக்கிற மொட்டைத்தலைக்காரர் மரத்தில் இடித்துக்கொண்டார், தடித்த நாய் ஒன்று எஜமானியை இழுத்துக்கொண்டு ஓடியது. இவள் மறுநாள் அதை ஆபீசில் கண் காது மூக்கு வைத்துச் சொல்வாள். பதினேழின் கோட்டைத் திறக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகும்.

நாற்பத்தொன்று என்று ஒன்று வந்தது. வழக்கம்போலத் தூரத்தில் வைத்து ஒரு பார்வை பார்த்தாள். பத்து நாளும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மனுஷன் இப்படியும் இருப்பானா? கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஜாலியாகச் சுற்றியிருக்கிறான் என்று அவள் முடிவுகட்டினாள். குறிப்புக் கட்டத்தில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே 'ஆள் இல்லை' என்று அடித்துத் தள்ளினாள். பத்து நாளுக்குப் பத்து 'ஆள் இல்லை'.

ஆராய்ச்சியின் தலைவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்பார்கள். அன்று மூன்று மணிக்கு அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இதை ஏம்மா தள்ளிட்டீங்க?"

"மேஜைமேல கழற்றி வெச்சிருக்காங்க சார். பார்த்தாலே தெரியுதே."

"கொஞ்சம் பெருசாக்குங்க. ராத்திரி மட்டும்."

பெரிதாக்கினாள். தட்டையான கோட்டில் சின்னச் சின்ன மடிப்புகள் தெரிந்தன.

"இது என்ன?"

"அசைவு... யாராவது மேஜையைத் தட்டியிருப்பாங்க சார்."

"மேஜை புரண்டு படுக்காதும்மா," என்றார் அவர். "இது தொடைதான். இப்ப சாயங்காலத்தைப் பாருங்க."

பகலில் வீட்டுக்குள்ளேயே இரண்டொரு அடிதான். ஐந்து மணிக்குக் கோடு எழுந்து நின்றது. பதினோரு பல். ஒரு நிமிஷம் அசையாத நிலை. திரும்பவும் பதினோரு பல். பிறகு தரை. மறுநாளும் அதேபோல். பத்து நாளும் அதே ஐந்து மணி, அதே பதினொன்று. அவளுக்கு முகம் சுண்டிப்போனது, தன் வேலையில் ஓட்டை விழுந்துவிட்டதே என்று. அவ்வளவுதான் அப்போது தோன்றியது.

பக்கத்து மேஜையில் இருந்தவள் போன் பேசுகிறவள். எண்ணை வைத்து ஆளைக் கூப்பிட்டு விவரம் கேட்பது அவள் பொறுப்பு. கை தட்டச்சில் இருக்கும் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். பெரிய டாக்டர் சொல்லி நாற்பத்தொன்றைக் கூப்பிட்டாள்.

"வணக்கம் சார், ஆராய்ச்சி ஆபீசுல இருந்து பேசறோம். கருவியை நடுவுல எப்பவாவது கழற்றி வெச்சீங்களா?"

"இல்லைங்களே. ஒட்டின நாள்லேருந்து தொடவே இல்லை."

கோட்டக்கா நாற்காலியைத் திருப்பினாள். அந்தக் குரலை இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறாள்.

"இல்ல சார், நீங்க பகல் பூரா உட்கார்ந்தே இருந்ததா அது காட்டுது. மிஷின் தப்பான்னு கேக்கத்தான்..."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"மிஷின் சரியாத்தாங்க காட்டுது," என்றது குரல். பிறகு தணிந்து கேட்டது: "அம்மா, இது அங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"எண் மட்டும்தான் சார் தெரியும். பேர் தெரியாது."

"அங்க கோடு படிக்கிறது என் வீட்டம்மா. அவங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போன் பேசுகிறவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். கோட்டக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும்.

அப்படியென்றால் பதினேழு? யாரோ ஒரு முகம் தெரியாத மனுஷனின் நடையைப் பார்த்து மூன்று வாரம் பூரித்திருக்கிறாள். மொட்டைத்தலைக்காரர் பொய். நாலு சுற்று பொய். அட பாவி மனுஷா, அந்த நாய்கூடப் பொய்யா? ஆத்திரத்தில் பையை எடுத்தாள், செருப்பைத் தேடினாள், செருப்பு காலில்தான் இருந்தது. பெரிய டாக்டரிடம், "சார், அது எங்க வீட்டுக்காரர்," என்று மட்டும் சொன்னாள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். "போயிட்டு வாங்கம்மா," என்றார்.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்கு எதிர்வரிசையில், நின்றிருந்த வேன் ஒன்றின் மறைவில் நின்றாள். பத்து நாள் கருவி எப்போதோ போய்விட்டது. இனிமேல் யாருக்காக அவர் வெளியே வரப்போகிறார்? வரமாட்டார் என்றுதான் நினைத்தாள்.

கதவு திறந்தது. பளபளவென்று துடைத்த ஷூ, இறுக்கிக் கட்டிய கயிறு. அவர் படியிறங்கி வந்தார். அவள் உதடு தானாக எண்ணியது. பதினொன்றில் கேட் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது இங்கிருந்தே தெரிந்தது. ஒரு நிமிஷம் கழித்துத் திரும்பினார்.

"நில்லுங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் வெலவெலத்துப்போனார்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டே?"

"நாய் எங்கங்க?"

"எந்த நாய்?"

"தினம் இழுத்துட்டு ஓடுமே, அது!"

அவருக்குப் புரிந்துவிட்டது. "யார் சொன்னா?"

"உங்க தொடை சொல்லிச்சு." தெருவைக் கடந்து கேட்டுக்கு வந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன மூணாம் மனுஷியா?"

அவர் கம்பியை விடவில்லை. "இங்க வந்ததும் நெஞ்சு அடைக்குது. வலியில்ல. வந்துடுமோன்னுதான். அன்னிக்கும் நல்லாத்தானே ஓடிட்டிருந்தேன்?" குனிந்து ஷூவைப் பார்த்தார். "அத்தனை பசங்களையும் விரட்டி விரட்டி ஓட வெச்சவன். கேட்டைத் தாண்டப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது? தினமும் இன்னிக்குப் போயிடலாம்னுதான் ஷூ மாட்டறேன்."

திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். இந்த ஆளையா நான் 'ஆள் இல்லை' என்று எழுதினேன் என்றுதான் இப்போது தோன்றியது. கேட்டைத் திறந்தாள். கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தன.

"பதினொண்ணு ஆச்சு. அடுத்ததை என்கூட வைங்க. விழுந்தா நானும் சேர்ந்து விழறேன், போதுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு காலை வெளியே வைத்தார். பக்கத்து வீட்டு வாசல்வரைக்கும்தான் போனார்கள். போக இருபது அடி, வர இருபது அடி. அதற்குள் அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நாற்பது நிமிஷத்துக்கு இது எந்த மூலைக்கு? ஆனாலும் திரும்பி வந்ததும் அவர் கேட்டுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் காலையில் அவள் நாற்பத்தொன்றைத் திறந்தாள். இந்த எண்ணை இனி வேறொருவர் பார்க்கட்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன் தான் எழுதியதைத் தானே அழிக்க அனுமதி கேட்டு வாங்கியிருந்தாள். பத்து 'ஆள் இல்லை'யையும் ஒவ்வொன்றாக அழித்தாள். பத்து இடத்திலும் 'ஆள் இருக்கிறார்' என்று அடித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள்.