பதினொன்றை நாலு என்றேன்

எங்கள் மடத்து வாசலில் ஒரு கிலோமீட்டர் கல் நிற்கிறது. மேலே மஞ்சள், கீழே வெள்ளை. ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பாலம் வரைக்கும் அப்படி எத்தனை கல் உண்டோ அத்தனைக்கும் நான் பெயிண்ட் அடித்திருக்கிறேன். எழுத்து எழுத வேறு ஆள் வருவார். எனக்கு எழுத்து தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள், என் பேச்சைக் கொஞ்சம் நேராக்கி. ஆனால் கல்லைப் பார்த்தால் எனக்குத் தெரியும். எது பூவரச மரத்தடியில் நிற்கிறது, எதில் லாரி மோதி மூலை உடைந்தது, எதன் மேல் ஆடு மேய்க்கிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து மஞ்சள் தேய்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முப்பது வருசம் அந்த ரோட்டில் வேலை. தார் காய்ச்சினேன், ஜல்லி அள்ளினேன், ஓரத்தில் முளைக்கிற சீமைக்கருவேலத்தை வெட்டினேன். வெட்டிய அடுத்த மழைக்கே அது திரும்ப முளைக்கும்.

வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்தபோதுதான் ஊர்க்காரர்கள் இந்த மடத்தைக் கட்டினார்கள். மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஹால், நாலு ஃபேன், பின்னால் தகரக் கொட்டகையில் அடுப்பு. ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்கள் சாப்பிட்டு, படுத்து, எழுந்து போக ஓர் இடம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னால் பத்துப் பத்து நாள் கூட்டம் இருக்கும். வருகிறவர்களை உட்கார வைத்து, கால் கழுவத் தண்ணீர் ஊற்றி, மோர் கொடுத்து, பாய் விரித்துப் போடுவது என் வேலை. கூலி கிடையாது, நானாகப் போய்ச் செய்ததுதான். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கால் கழுவ அது போதும். குடிக்கிற தண்ணீர் டிராக்டரில் வரும்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. தூரம் சொல்வது. நடக்கிறவர்கள் சாப்பாட்டைவிட அதைத்தான் அதிகமாகக் கேட்பார்கள். அடுத்த மடம் எங்கே, பாலம் எங்கே, கோயில் எத்தனை கிலோமீட்டர். அதற்கு உள்ளபடி பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பத்து இருந்தால் ஆறு என்போம். ஆறு இருந்தால் இந்தா வந்துருச்சு என்போம். களைத்து நிற்கிறவனிடம் பத்து என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான், குறைத்துச் சொன்னால் அந்தத் தெம்பிலேயே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று நினைப்பு. நானே இப்படி ஓர் ஆளை நடத்திக் கூட்டி வந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் கடலாடிப் பக்கத்திலிருந்து வரும்போது கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம். வீடு வந்து சேரும்வரை என் பெண்டாட்டி தூரம் கேட்டுக்கொண்டே வந்தாள், நானும் இந்தா இந்தா என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் சாகும்வரைக்கும் அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இவரு வாயில கிலோமீட்டர் மட்டும் சுருங்கிப் போயிரும் என்பாள்.

மடத்திலும் அதை வைத்துக் கேலி உண்டு. எங்கள் சமையல்காரர் வாய் நீளம். என்னை மாமா என்று கூப்பிடுவார். "மாமா சொல்ற ரெண்டு கிலோமீட்டர நம்பி நடந்தீகன்னா செருப்பு ரெண்டு சோடி வேணும் சாமி" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது யாருக்கும் கெடுதல் செய்யாத பொய் என்றுதான் இருந்தேன்.

மூன்று வருசத்துக்கு முன்னால், ஆடி அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது ஓர் அம்மா வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிவகங்கைக்கு மேற்கே ஏதோ கிராமம். இருபது பேரோடு கிளம்பி, ஒன்பது நாளாக நடந்து, கடைசியில் கால் புண்ணாகித் தனியாகப் பிந்திவிட்டார்கள். கூட வந்தவர்கள் விடியற்காலையே கிளம்பிப் போனார்கள். நான் மெதுவா வாரேன், நீங்க போங்க என்று இவர்களே அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை வியாதி உள்ள உடம்பு. உள்ளங்காலில் என்ன நடக்கிறது என்பதே தெரியாதாம். செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்களாம். வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருசம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் ராமேஸ்வரத்துக்கு ஓரடிகூட வண்டி ஏறாமல் நடந்து வருவதாக வேண்டியிருக்கிறார்கள். அவர் பிழைத்து, வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவையும் நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற அவர்கள் சொன்னதுதான். புண்ணைப் பார்த்து, ரெண்டு நாள் இருந்துட்டுப் போ தாயி என்று நானேதான் சொன்னேன். நடக்க முடியாதவர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது எங்கள் மடத்து முறை. இரண்டாவது ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் ஒரு போன் வந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருசா வருசம் வரும் கூட்டம், மத்தியானம் வந்துவிடுவோம், அறுபது பேர் என்றார்கள். இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதன் குருசாமி, சாப்பாடு முடிந்ததும் என்னை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டு நிறுத்தி ஒரு துண்டு போர்த்துவார். இந்த ரோட்டையே போட்ட மனுசன் இவர் என்று சொல்லுவார். அறுபது பேரும் சாமி பேரைச் சொல்லிச் சத்தம் கொடுப்பார்கள். முப்பது வருசத்தில் எனக்கு யாரும் துண்டு போர்த்தியதில்லை. ரோட்டில் நிற்கிற ஆளை வண்டிக்காரன் ஹாரன் அடித்து ஓரம் கட்டுவானே தவிர முகத்தைப் பார்க்க மாட்டான். அதனால் அந்தக் கூட்டம் வருகிறது என்று போன் வந்தாலே முதல் வேலையாக நான் சவரம் செய்துகொள்வேன். ஹால் பெருக்கி, தண்ணீர் தெளித்து, காலியாக இருக்க வேண்டும். அந்த அம்மா புண்காலைப் பையின் மேல் தூக்கி வைத்து நடுவில் படுத்திருப்பது எனக்கு உறுத்தியது. போகச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பெருக்குவதுபோல் பக்கத்தில் போனேன். இன்னைக்கு வெயில் கம்மி, காத்தும் அடிக்குது என்று பேச்சை எடுத்தேன். அவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"அய்யா, அடுத்த மடம் எம்புட்டுத் தூரம்? வழி பூராம் இந்தா வந்துருச்சு வந்துருச்சுன்னே சொல்லி ஏச்சுப்புட்டாக. நீங்க இந்த ரோட்டுலயே வேலை பார்த்தவருன்னு சமையக்காரரு சொன்னாரு. நீங்க சொன்னா நான் நம்பிக்கிருவேன். நாலஞ்சுன்னா பல்லக் கடிச்சு நடந்துருவேன். அதுக்கு மேலன்னா இன்னைக்கு முடியாது, நாளைக்குப் பாத்துக்கிறேன்."

பதினொரு கிலோமீட்டர். எனக்குத் தெரியாதா?

"நாலு" என்றேன். "நாலே நாலு. வாசல்ல நிக்கிற கல்லுல இருந்து நாலு கல்லு எண்ணிக்க, வந்துரும்" என்றும் சொன்னேன்.

அவர்கள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வாசல் கல்லை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டார்கள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். காலை எட்டு மணி இருக்கும். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தேன்.

கூட்டம் ஒரு மணிக்கு வந்தது. சாப்பாடு ஆனது. துண்டும் போர்த்தினார்கள். அந்த நேரத்தில் வெளியே பைக் சத்தம் கேட்டது. பாம்பனிலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு வரும் பாய் ஒருவர் உண்டு. மீன் வாடை என்று மடத்துக்குள் வர மாட்டார், ரோட்டோரப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பெரியவரே, ஒங்க மடத்துல இருந்து வந்த அம்மாவாமே, உப்போடைப் பாலத்துக்கிட்ட அங்கிட்டும் இங்கிட்டுமா நடந்துக்கிட்டு இருக்கு. நான் பாக்கையில மேக்க பாத்து வருது. மடம் எங்கன, மடத்தத் தாண்டி வந்துட்டேனான்னு கேக்குது. மடம் கிழக்கல்ல இருக்கு, ஏறும்மா கொண்டுபோயி விடுறேன்னா, ஏற மாட்டேங்குது."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நாலு கல் எண்ணியிருக்கிறார்கள். மடம் இல்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ணிக்கொண்டே போயிருக்கிறார்கள். அப்போதும் என்னைச் சந்தேகப்படவில்லை. தாங்கள்தான் பார்க்காமல் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பி நடந்திருக்கிறார்கள்.

புரிந்தும் உடனே போனேனா என்றால் இல்லை. உள்ளே குருசாமி பேசிக்கொண்டிருந்தார். நடுவில் விட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காது என்று திரும்ப உள்ளே போய் நின்றேன். பாயசம் கொடுத்தார்கள். குடித்தேன். அரை மணி நேரமாவது போயிருக்கும். அதற்குப் பிறகுதான் ஓர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பாலத்தைத் தாண்டி ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நிழல் என்று அங்கே ஒன்றும் கிடையாது. துணியெல்லாம் நனைந்து மண் ஒட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தபோது குதிகால் தோல் துணியோடு வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்களுக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

"நான் ஒரு கூறுகெட்டவ அய்யா. நீங்க நாலுன்னு சரியாத்தான் சொன்னீக. எங்கனயோ எண்ணிக்கையத் தவற விட்டுட்டேன். ரெண்டு கல்லு திரும்பிப் போயிப் பாத்தேன், அப்பறம் கிழக்கன்னாக, திரும்ப வந்தேன். ஆடு மேய்க்கிறவரக் கேட்டா, இந்தா வந்துருச்சுங்கிறாரு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இல்ல தாயி, நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். வயசாச்சு, எல்லாம் மறந்துபோகுது" என்றேன். அதற்கும் அவர்கள் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், மாட்டை அவிழ்த்தோமா கட்டினோமா என்று மறந்துவிடுவார் என்றார்கள்.

ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று அரை நாழிகை அழுதார்கள். இன்னும் மூணு என்று ஆட்டோக்காரர் சொன்னதைக் கேட்டு, மூணு கிலோமீட்டர்தான மடம், தவழ்ந்தாச்சும் போறேன் என்றார்கள். எழுந்திருக்கப் போய் மயங்கி விழுந்தார்கள். ஆட்டோக்காரரும் நானும் தூக்கித்தான் உள்ளே வைத்தோம். அவர்கள் வண்டி ஏறவில்லை. நான்தான் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டுப் போட்டு, ஒரு மாதத்துக்குக் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்றார்கள். மகனுக்குப் போன் போட்டோம். அவர் வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்கள். பிறகு கேட்டார்கள், தூக்கிய இடத்தில் இருந்த கல் எது என்று தெரியுமா, கால் ஆறியதும் வந்து விட்ட இடத்திலிருந்து நடந்தால் சாமி ஒப்புக்கொள்ளும் இல்லையா, மயக்கத்தில் நம்பரைப் பார்க்கவில்லை என்று.

எனக்குப் பெரிய சந்தோசம். ஒரு நல்லது செய்ய வழி கிடைத்துவிட்டதென்று யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

"அது நம்ம மடத்துல இருந்து எட்டாவது கல்லு தாயி. மேல் மூலை ஒடைஞ்சிருக்கும், பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி லாரி மோதுனது. அதுக்கு மேக்க ஏழாவது கல்லு பாலத்த ஒட்டி. கிழக்க ஒம்பதாவதுகிட்ட ஒரு வேப்பமரம், பத்தாவது வளைவுல, பதினொண்ணு மடத்து வாசல்லயே..."

அங்கேதான் நிறுத்தினேன். அவர்கள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள்.

"எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே அய்யா."

நான் குனிந்துகொண்டேன். ஏன் என்று அவர்கள் கேட்டிருந்தால்கூட வேறொரு பொய் சொல்லித் தப்பியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. நானாகத்தான், ஒரு கூட்டம் வர்றதா இருந்துச்சு, எடம் வேணும்னு, என்று முனகினேன். துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. அது என் தோளிலேயே கிடந்தது.

"எந்திரிம்மான்னு சொல்லியிருந்தா வெளிய மரத்தடியில படுத்திருப்பேனே" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

மகன் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நல்ல பிள்ளை. டிரைவர் வேலை போலிருக்கிறது, காக்கிச் சட்டையோடு ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நீங்க இல்லைன்னா எங்கம்மா ரோட்டுலயே கிடந்திருக்கும் என்றார். நான் பிடித்த கையை எடுக்கவில்லை. பரவாயில்லப்பா என்றேன். அந்த அம்மா மகனிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவர் என் போன் நம்பரைக் கேட்டார். அடுத்த தடவை அம்மாவை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், உங்கள் மடத்தில் ஒரு நாள் தங்கவைத்து அங்கிருந்து நடக்கவிடுகிறேன் என்றார். எனக்கு நம்பர் சொல்லத் தெரியாது, போனையே எடுத்து நீட்டினேன்.

"வேணாம்ப்பா" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "விட்ட எடத்துல இருந்துதான் நடக்கணும். அதுக்கு மேக்க எனக்கு ஒண்ணும் இல்ல."

மகனுக்கு அது விளங்கவில்லை. நான் போனை மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.