பேனா இருந்த பக்கம்

ஞானராஜ் சார் போய்விட்டார் என்று அவர் மகன் தொலைபேசியில் சொன்னபோது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் ஆலையின் கிடங்கில் நின்றுகொண்டிருந்தேன். காலையில் நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். விடுப்பு சொல்லிவிட்டுப் புதுவாயல் வந்து சேர்ந்தால், கூட்டுரோட்டிலேயே பேனர் கட்டியிருந்தார்கள். அவர் தன் கைபேசியில் தானே எடுத்துக்கொண்ட படம். நீலச் சட்டை, பையில் எப்போதும் இருக்கும் பேனா, பாதிச் சிரிப்பு. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு சாலையோரத்தில் அழுதேன். லாரிக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடியில் கூடி, அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அவரோடு சண்டை போட்ட உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆலையில் அவர் வரைபடப் பிரிவின் தலைவர். லாரி பாகங்களை வரைந்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, நம் பக்கத்தில் முதன்முதலில் ஓடிய கார்கள் எவை, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, கடைசியில் எங்கே நின்றன என்று தேடுவதே அவருக்கு முழுநேர வேலையாயிற்று. தேட அவருக்குக் கிடைத்த ஒரே வழி வீட்டுச் சுவர்களில் தொங்கிய பழைய புகைப்படங்கள். கல்யாணப் படம், ஆயுத பூஜைப் படம், பெரியபாளையத்துக்கு வேண்டுதலுக்குப் போன படம், எதுவானாலும் மூலையில் ஒரு சக்கரம் தெரிந்தால் அவருக்குப் போதும்.

மாலைகள் மீது அவருக்குத் தீராத கோபம். காருக்கு மாலை போடாமல் நம் ஆட்கள் படம் எடுத்ததே இல்லை. மாலை முகப்பு முத்திரையை மறைக்கும், மாவிலைத் தோரணம் நம்பர் பலகையை மறைக்கும். "மாப்பிள்ளைக்கு ஒரு மாலை, வண்டிக்கு மூணு மாலை. மூஞ்சியே தெரியல, நான் இன்னா பண்றது?" என்று புலம்புவார். புலம்பிவிட்டு, விளக்கின் உயரம், கதவுக் கீல், சக்கரக் கம்பி என்று ஒவ்வொன்றாக அளக்க உட்காருவார். முகம் தெரியாத காரை நடையை வைத்தே கண்டுபிடிக்கிறவர் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அளப்பதற்கு முன் அவர் செய்யும் ஒரு காரியம் உங்களுக்கு நினைவிருக்கும். மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் கறுப்பு அட்டைத் துண்டுகள் வைத்திருப்பார். படத்தில் இருக்கும் மனிதர்கள்மேல் அவற்றை வைத்து மூடிவிடுவார். "மனுசங்க கண்ண இழுத்துடுவாங்க முருகேசா. நகை, பொடவை, மொறைப்புன்னு பாத்துக்கினு இருந்தா வண்டி உட்டுப்பூடும்" என்பார்.

பெரியபாளையம் பக்கத்து ஆரணியிலிருந்து அரிசி வியாபாரி ஒருவர் தன் தாத்தாவின் காரைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாரே, அன்று நான் பக்கத்தில் இருந்தேன். தாத்தாவை மூடிவிட்டு லென்சை வைத்துப் பார்த்த சார், "பலகை" என்றார். வியாபாரிக்குப் புரியவில்லை. "ஸ்டூடியோவுல பலகையில வரைஞ்சி நிக்க வச்ச காரு இது. டயர் தரையில உக்காரல பாருங்க. இதே வெடிப்போட இதே காரு இன்னும் ரெண்டு ஊட்டுப் படத்துல இருக்குது." வியாபாரி டீயைத் தொடாமல் எழுந்து போனார். கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே என்றேன். பலகையைப் பக்குவமாகச் சொன்னாலும் பலகைதானே என்றார். அவர் கண்ணை நான் அண்ணாந்து பார்த்த காலம் அது. அந்தக் கண்ணும் ஒருமுறை பிசகியது. அவரை நான் முழுதாக மதிக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

கஸ்தூரி அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆரணிக்காரர், எழுபதை நெருங்குகிறவர். அவருடைய தம்பி தனபாலின் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கார் துருப்பிடித்துக் கிடந்தது. தன் அப்பா கல்யாணத்துக்கு ஓட்டிவந்த கார் அதுதான் என்பது அக்காவின் நம்பிக்கை. பின்னாளில் எங்கோ வாங்கிப்போட்ட ஓட்டை வண்டி, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அங்கே வாடகை வீடு கட்டலாம் என்பது தம்பியின் கணக்கு. சார் சொல்வதற்கு இருவரும் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டு, அப்பாவின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

படத்தில் அவர்களுடைய அம்மா காருக்குள், அப்பா கதவருகே. சார் வழக்கம்போல இருவரையும் மூடினார். நம்பர் பலகை மாவிலைக்குள் இருந்தது. விளக்கும் கதவுக் கீலும் கொட்டகைக் காரோடு ஒத்துப்போயின. ஆனால் ஸ்டீயரிங் தெரிந்தது, இடது பக்கம். கொட்டகைக் காரிலோ அது வலது பக்கம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்கு வந்த வண்டியாக இருக்கும், கொட்டகையில் இருப்பது வேறு என்று சொல்லிவிட்டார். கஸ்தூரி அம்மா வாதாடவில்லை. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துகொண்டார். தனபால் அந்த வாரமே காரை லாரியில் ஏற்றிவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை சார் என் வீட்டு வாசலில் நின்றார். அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று படத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க நினைத்து அட்டையை எடுத்திருக்கிறார். "முருகேசா, அவங்க அப்பா பேனா தப்பான பக்கம் இருக்குது" என்றார். சட்டைப்பை இடது நெஞ்சில் அல்லவா இருக்கும்? படத்தில் பையும் பேனாவும் வலது நெஞ்சில் இருந்தன. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் நெகட்டிவைத் திருப்பி வைத்துப் படம் போட்டுவிட்டார்கள். இடம் வலமாகிவிட்டது. மூடாமல் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

என் பைக்கில் இருவரும் கும்மிடிப்பூண்டிக்குப் பறந்தோம். நம் பக்கத்துப் பழைய இரும்பெல்லாம் உலைக்குப் போகும் முன் குவியும் யார்டுகளில் ஒன்றில்தான் வண்டி இறங்கியிருந்தது. வாசலில் சார் இறங்கி, உள்ளே போகாமல் கைபேசியை எடுத்தார். கஸ்தூரி அம்மாவுக்குத்தான். "மொதல்ல உள்ள போய்ப் பாக்கலாம் சார். வண்டி இருந்துச்சின்னா நல்ல சேதியாவே சொல்லிடலாமே" என்றேன்.

"வண்டி இருந்தாலும் நான் சொன்னது தப்பு, இல்லன்னாலும் தப்பு. அத மொதல்ல சொல்லிடறேம்பா."

சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, ஸ்டூடியோக்காரன்மேல் பழி போடவில்லை. "நான் தப்பாப் பாத்துட்டேம்மா. அது உங்க அப்பா வண்டிதான். இருக்குதா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது." படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள் எத்தனையோ பேர் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முடிவு தெரிவதற்கு முன்னால் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

கார் இருந்தது. கூரையை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு கதவையும் காணோம். யார்டுக்காரர், "நாளைக்கி வந்திருந்தா கம்பியாத்தான் பாத்திருப்பீங்க" என்றார். பஸ் பிடித்து வந்து சேர்ந்த கஸ்தூரி அம்மா நேராகப் போய், மிச்சமிருந்த கதவின் கைப்பிடியை முந்தானையால் துடைத்தார். பிறகுதான் சாரிடம் திரும்பினார்.

"எங்க நைனா மூஞ்சிய அட்டை வச்சி மூடிட்டு, வண்டி யாருதுன்னு கேட்டா யாரு சார் பதில் சொல்லுவாங்க?"

சார் தலையாட்டினார்.

கூரையில்லாத அந்தக் கார் இப்போது கஸ்தூரி அம்மாவின் வீட்டு வாசலில் நிற்கிறது. ஓடாது, பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து ஹார்ன் சத்தத்தை வாயால் போடுகிறார்கள். சார் கறுப்பு அட்டைகளை அடுப்பில் போட்டார். பெட்டியை மட்டும் அவர் மனைவி காப்பாற்றிக்கொண்டார். தவறான படத்தையும் திருத்திப் போட்ட படத்தையும் சார் மாடிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். புதிதாக வருகிறவர்களிடம் தன் கண்டுபிடிப்புகளைச் சொல்வதற்கு முன் இந்தக் கதையைத்தான் சொல்வார். எதற்கு சார் இந்தப் பேஜாரு, தப்பான படத்தைக் கழற்றிவிடுங்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன். "சரியானது எல்லார் ஊட்லயும் மாட்டிக்கினு இருக்கும். தப்ப யாராவது ஒருத்தன் வச்சிக்கணும் இல்ல?" என்றார். அதற்குப் பிறகு அவர் பார்த்த படங்களில் காரைவிட மனிதர்களின் பெயர்கள்தான் அதிகம் சேர்ந்தன.

அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். கஸ்தூரி அம்மா சற்றுத் தாமதமாக வந்தார். வாசலிலும் அதே படத்தோடு கட்டியிருந்த பேனர் முன்னால் நின்றவர் உள்ளே வரவில்லை. அழுகிறார் என்று நினைத்து அருகில் போனேன். அவர் அழவில்லை. கண்ணைச் சுருக்கிச் சாரின் நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருகேசா, சார் பேனா தப்பான பக்கம் இருக்குது."

கைபேசியில் தானே எடுத்துக்கொண்ட படம் அல்லவா, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிப் பதிந்திருந்தது. மகனுக்குத் தெரியவில்லை, அச்சடித்தவருக்குத் தெரியவில்லை. கூட்டுரோட்டில் அதன்முன் வெகுநேரம் நின்று அழுத எனக்கும் தெரியவில்லை. அவர் போன பிறகு அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருவரும் அழுதோம்.

நினைவு ஜெபக்கூட்டத்துக்கு அவர் மகன் திருத்திய படத்தைப் போட்டு வேறு பேனர் அடித்தார். அதில் பேனா சரியான பக்கம் இருக்கிறது. அந்தப் படம்தான் இனி அவர்கள் வீட்டில் மாலையோடு தொங்கும். முதல் பேனரை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இவ்வளவு பெரியதை எங்கே வைப்பது என்று என் மனைவி கேட்கிறாள். பீரோவுக்கு மேலே மடித்து வைத்திருக்கிறேன்.