மூடாத வட்டம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய உண்டு, நாலாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று யாராவது என் டீக்கடையில் பேசினால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறவன்தான் நானும். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

கேரள எல்லையோரம் குளத்தூரில் கடை. மகள் ஷைனி பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். தனுவச்சபுரத்தில் ஒரு சாரிடம் கணக்கு டியூஷனுக்குப் போனாள். வட்டமும் தொடுகோடும் அவளுக்கு ஏறவில்லை. சார் எல்லோர் முன்னாலும், "எட்டி, டீக்கடைக்காரனுக்க மவளுக்கு வட்டம் வராதா? அப்பனுக்க கிளாச கமத்தி வச்சு வரை" என்றாராம். இனி பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழுதாள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்காது, போய்க் கேட்க முடியவில்லை.

போனில் பிள்ளைகள் சேர்ந்து பாடம் கேட்கிற ஒரு குழு உண்டு, பேச்செல்லாம் மலையாளம். அதில் வட்டக் கணக்கைப் போட்டாள். சிவப்புக் கண்ணாடி வளையல் படம் வைத்த ஒருத்தி தமிழிலேயே பதில் அனுப்பினாள். தொடுகோடு தொடுகிற இடத்துக்கு நடுப்புள்ளியிலிருந்து கோடு இழுத்தால் அது நேர்குத்தாக நிற்கும் என்று தாளில் வரைந்து காட்டினாள். எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள். ஆனால் அவள் வரைந்த வட்டம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் சின்ன இடைவெளி.

ஏன் மூடவில்லை என்று ஷைனி கேட்டாள்.

"வளை வச்சு வரைஞ்சதாக்கும். சார் கையில அடிச்சப்ப ஒரு துண்டு தெறிச்சுப் போச்சு."

எந்த சார் என்றதற்குப் பெயர் வந்தது. எங்கள் சார்தான்.

"இப்பவும் அங்கதான் படிப்பிக்காரா?"

ஆமா என்று ஷைனி எழுதினாள்.

"அப்ப நாளைக்கு வாறேன்."

மறுநாள் மத்தியானம், எப்படியாவது சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று போனேன், வாசல் வரை போய் உள்ளே ஏறாமல் ஜன்னல் ஓரம் நின்றேன். நம்பினால் நம்புங்கள், சார் மரக் காம்பஸை வைத்துச் சுற்றினார், வட்டம் மூடவில்லை. அந்த இடத்தில் மட்டும் பலகை சாக்கட்டியை வாங்கவில்லை. அழித்துப் போட்டார், மறுபடியும் அதே இடைவெளி. ஆளில்லாத கடைசி பெஞ்சிலிருந்து, "சாருக்கு வட்டம் வராதா?" என்று ஒரு பெண்பிள்ளைச் சத்தம். பிள்ளைகள் சிரித்தார்கள். சாருக்குச் சட்டை நனைந்துவிட்டது. நான் மனசுக்குள், விடாதே மக்கா, விடாதே என்றுதான் சொன்னேன்.

பிறகு கடைக்கு வந்த ஒருவர் சொன்னார், பல வருஷம் முன்னால் காம்பஸ் வாங்க வழியில்லாமல் வளையலை வைத்து வட்டம் போட்ட பிள்ளையை அந்த சார் அடித்தாராம், கண்ணாடி கையில் ஏறி, பழுத்து, ஜன்னி கண்டு செத்தாளாம்.

ஷைனி பாஸானாள். சார் டியூஷனை மூடிவிட்டார். ஒரு நாள் என் கடைக்கு வந்தார். டீ குடிக்க கிளாஸை எடுத்தார், பெஞ்சில் ஈர வட்டம், அதில் அந்த இடைவெளி. துடைத்து வேறு கிளாஸ் கொடுத்தேன், அதுவும் அப்படியே.

"அண்ணா, உமக்க மவகிட்ட அவ பேசுவாண்ணு டியூஷன் பிள்ளைய எல்லாம் சொல்லுதாவ. போதும்ண்ணு ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்" என்று என் கையைப் பிடித்தார்.

"இன்னொரு டீ எடுக்கட்டா சாரே" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கேட்டதை ஷைனியிடம் சொல்லவில்லை. அவர் போன பிறகு நான் குடித்த கிளாஸை எடுத்தேன். அதன் வட்டமும் மூடவில்லை. இன்று காலையிலும் மூடவில்லை.

எழுதி முடித்தது ஆவணி ஒன்று.