சாப்பிடச் சொல்லி ஒரு போராட்டம்

எனக்குப் பசி தாங்காது. பசித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் வாய் நிற்காது. இது கம்பெனியில் எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட என்னைப் பிடித்துக் கேன்டீன் புறக்கணிப்பில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் உட்கார்ந்தேன். தேனிப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்த பிறகு நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரியம் என்றால் அதுதான்.

நாங்கள் செய்வது வண்டிக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்தாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. வண்டி விற்றால்தான் எங்கள் கைக்கு வேலை. அந்த வருடம் வண்டிகள் ஷோரூமிலேயே நின்றன. ஓவர்டைம் போனது, இரண்டாவது ஷிப்ட் போனது. அப்புறம் ஒரு நாள் காலையில், காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரையும் மாதக் கடைசியோடு நிறுத்தப்போவதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

லைனில் என் பக்கத்தில் நின்றவள் காண்ட்ராக்ட். நாட்றாம்பாளையத்துக்காரி. காட்டோரம் கேழ்வரகு போடும் குடும்பம். யானை தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு. இவள் சம்பளத்தில்தான் தங்கை கிருஷ்ணகிரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் அந்தப் பெண்ணின் படிப்பும் நின்றுவிடும். நோட்டீஸைப் படித்துவிட்டு வந்தவள் ஒன்றுமே நடக்காததுபோல டேப் சுற்றினாள்.

"என்னடி கல்லு மாதிரி நிக்கிற? அழுது தொலையேன்!" என்று நான்தான் கத்தினேன்.

"அழுதா ஒயர் கலரு தெரியாதுக்கா" என்றாள்.

எங்களுடையது நிரந்தரத் தொழிலாளர் சங்கம். காண்ட்ராக்ட் ஆட்கள் அதில் உறுப்பினர் இல்லை. தலைவர் ஒரு பெண், தலைவரக்கா என்போம். ஓசூரை ஒட்டிய கிராமம்தான் அவருக்கு. அப்பா அம்மா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களோடு தமிழ். மைக்கைக் கையில் கொடுத்தால் சொதப்பிவிடுவார். ஆனால் எதிரே நின்று பேசினால் மேனேஜரே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

காண்ட்ராக்ட் ஆட்களை அனுப்பக் கூடாது, அதற்காக லைனை நிறுத்துவோம் என்று நாங்கள் குதித்தோம். அவர் ஒப்பவில்லை. "மெஷின நிறுத்தனா ஆர்டரு வேற ஊருக்குப் போயிடும். போனா திரும்பி வராது. இருக்கற கம்பெனிய நாமளே மூடறதா? வேலைய ஒழுங்கா செய்வோம், சோறு மட்டும் வேணாம்" என்றார்.

எங்கள் கேட்டில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே கேன்டீன் வேண்டாம் என்றால் பட்டினிதான். தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டி நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல், காலி வயிற்றோடு செய்தாலும் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகக் கூடாது என்று உத்தரவு வேறு. அடேயப்பா, அந்த அம்மாளின் நெஞ்சழுத்தம்!

முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் காண்ட்ராக்ட் பெண்களும் எங்கள் பின்னாலேயே கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். தலைவரக்கா வழியை மறித்தார்.

"நீங்க போயி சாப்பிடுங்க."

"நீங்கல்லாம் பட்டினி கெடக்க நாங்க எப்பிடிக்கா சாப்பிடறது? நான் சாப்பிடமாட்டன்" என்றாள் என் பக்கத்தவள்.

"இங்க உக்காந்தா மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கமாட்டாங்க. இன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் யாருக்காக நாங்க வயித்தக் காயப்போடறது? போம்மா. நல்லா சாப்பிட்டு வா."

போனார்கள். கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தேன். அவ்வளவு பெரிய கேன்டீனில் ஒரு மூலையில், தப்பு செய்தவர்களைப்போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஜன்னலைத் தட்டி, "தின்னுடி!" என்று சைகை காட்டினேன். என் வயிறு வேறு கபகபவென்று எரிந்தது.

பட்டினி நீள நீள முணுமுணுப்பும் வந்தது. மெயின்டனன்ஸில் இருக்கும் அண்ணன் ஒருவர், "சந்தா கட்றது நாம. மெம்பரே இல்லாதவங்களுக்காக நாம ஏன் சாகணும்?" என்றார். நான் பாய்ந்திருப்பேன், தலைவரக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அந்த வாரக் கடைசியில், எங்களிடம் ஒயர் வாங்கும் வண்டிக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு, தரம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கேன்டீன் வெறிச்சென்று கிடக்கிறது, கொட்டகை நிறைய ஆட்கள் பட்டினியாக இருக்கிறார்கள், லைனில் ஒரு ரிஜெக்ட் இல்லை. அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். மேனேஜரிடம் என்ன கேட்டார்களோ, அன்று மத்தியானமே அவர் தலைவரக்காவை உள்ளே கூப்பிட்டார்.

வெளியே வந்தவர் எங்களைக் கொட்டகையில் கூட்டினார். ஒவ்வொன்றையும் மூன்று மொழியிலும் சொன்னார். காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தமாட்டார்கள். ஆனால் வேலை அவ்வளவு இல்லை. ஆர்டர் தேறும்வரை நிரந்தர ஆட்கள் முறைவைத்து மாதத்தில் சில நாள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த நாட்களுக்கு அரைச் சம்பளம்.

மெயின்டனன்ஸ் அண்ணன்தான் எழுந்தார். "இதுல எங்களுக்கு என்னம்மா லாபம்?"

"லாபம் இல்லண்ணா. நஷ்டம்தான். இல்லன்னு நான் பொய் சொல்லமாட்டன்" என்றார் தலைவரக்கா. "அவங்களும் இதே லைன்லதான் நிக்கறாங்க. அனுப்பறதா வெச்சுக்கறதான்னு நீங்களே சொல்லுங்க. ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

அவ்வளவுதான் பேச்சு. எத்தனையோ தலைவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன்; நஷ்டத்தை நஷ்டம் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர் இவர் ஒருவர்தான். என் கை தானாக மேலே போனது. ஒன்று, இரண்டாகத் தொடங்கிக் கொட்டகை முழுக்கக் கைகள். அந்த அண்ணனும் ஏதோ முனகிக்கொண்டே தூக்கினார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

அடுத்த மாதம் என் முறை வந்தது. வேலைநாளில் வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அரைச் சம்பளத்தை நினைத்துக் கடுகடுவென்று வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு வழியாகத்தான் காண்ட்ராக்ட் ஆட்களின் பஸ் போகும். அன்றும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் பக்கத்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, கை காட்டவில்லை. ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றாள். என் வாசலைத் தாண்டிப் போகும்வரை, முன் சீட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"உக்காருடி! பிரேக் போட்டா விழுந்து வைக்கப்போற!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.